மூணாம் நம்பரும் ஸ்பிரிங்கம்மாவும்

காலித் தோட்டாக்களைப் பெருக்கி அள்ளிய வாளியைத் தராசின் மேல் வைக்கிறார் ஸ்பிரிங்கம்மா. வாளியின் எடையை மனசுக்குள்ளேயே கழித்துவிட்டால் அறுநூற்று நாற்பது கிராம். ஒரு காலித் தோட்டா நாலு கிராம். ஆக, இன்று மாலை சுடப்பட்டது நூற்றறுபது. ஆணியில் தொங்கும் நோட்டில், சுட்டவர் தன் கைப்பட எழுதிவிட்டுப் போயிருப்பது நூறு. ஸ்பிரிங்கம்மா மூக்கால் ‘ம்’ என்று ஒரு சத்தம் விடுகிறார். வாளியைச் சாக்கில் கவிழ்த்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்.

துப்பாக்கி சுடும் சங்கம் ஒன்றின் பயிற்சிக் கூடத்தில் பின்பக்க அறை அவருடையது. சங்கத்துக்குச் சொந்தமான ஒன்பது பிஸ்டல்களைக் கழற்றி, துடைத்து, தேய்ந்ததை மாற்றி, திரும்பப் பூட்டி வைப்பது வேலை. வயது ஐம்பத்தாறு. கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் மூக்குக்கண்ணாடிகள் இரண்டு. ஒன்று மனிதர்களைப் பார்க்க, இன்னொன்று திருகாணிகளைப் பார்க்க. இதற்கு முன் இருபத்திரண்டு வருடம் தையல் மெஷின் பழுது பார்த்தவர். அந்தக் கம்பெனியை மூடியபோது, சின்னச் சின்னத் திருகாணிகளோடு மல்லுக்கட்டத் தெரிந்த ஆள் வேண்டுமென்று சங்கத்தின் செயலாளர் கூப்பிட்டுக்கொண்டார். துப்பாக்கி என்ற வார்த்தையை அவர் இன்றுவரை வாயில் எடுப்பதில்லை. மெஷின்தான். “ரெண்டும் ஒண்ணுதான். அது தைக்கும், இது ஓட்டை போடும். ரெண்டுக்கும் அழுக்கும் ஆகாது, அவசரமும் ஆகாது” என்பார்.

பிஸ்டலின் மேல்பாகத்தை ஸ்லைடு என்பார்கள். ஒவ்வொரு முறை சுடும்போதும் அது படாரென்று பின்னால் போய்த் திரும்பி முன்னால் வரவேண்டும். அதைத் தாங்கித் திருப்பி அனுப்புவது உள்ளே இருக்கும் விரல் நீள ஸ்பிரிங் ஒன்று. அது தளர்ந்துபோனால் அடி முழுவதும் இரும்பின் மேல் விழும். ஐயாயிரம் குண்டு சுட்டால் அதை மாற்றியே ஆகவேண்டும் என்பது அவர் சட்டம். யாருக்கும் மசிய மாட்டார். பட்டப்பெயர் வந்ததே அதனால்தான். நல்லாத்தானே இருக்கு, இப்ப எதுக்கு என்று கேட்டவர்கள் எல்லோரும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். “கெட்டுப்போனப்புறம் மாத்தறதுக்கு மெக்கானிக் எதுக்கு? கெடறதுக்கு முன்னாடி மாத்தத்தான் என்னை வச்சிருக்காங்க.”

வீட்டிலும் இதே கூத்து. குழாய் சொட்டுவதற்கு முன்பே வாஷரை மாற்றிவிடுவார். குக்கர் கேஸ்கட்டுக்குத் தேதி எழுதி அலமாரிக் கதவில் ஒட்டியிருப்பார். கணவர் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். ‘என்னை மாத்தற தேதியை மட்டும் இன்னும் எழுதி ஒட்டலை’ என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். ஸ்பிரிங்கம்மாவும் சிரிப்பார். ஆனால் மாத்திரை டப்பாவைத் திறந்து, மனுஷன் காலையில் போட்டுக்கொண்டாரா என்று பார்த்துவிட்டுத்தான் சிரிப்பார்.

அழுக்கைவிட அவர் அதிகம் பயப்படுவது சுத்தக்காரர்களுக்கு. வங்கி அதிகாரி ஒருவர் சேர்ந்த புதிதில், தினமும் பேரலுக்குள் கம்பியை விட்டு அரை மணி நேரம் தேய்த்து, குண்டு வெளியேறும் வாயின் விளிம்பையே மழுக்கிவிட்டார். குறி தப்ப ஆரம்பித்ததும் பிஸ்டலைக் கொண்டுவந்து குற்றம் சொன்னார். “சுட்டுத் தேஞ்சதைவிட நீங்க துடைச்சுத் தேஞ்சதுதான் சார் ஜாஸ்தி” என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார் ஸ்பிரிங்கம்மா. எண்ணெயும் அப்படித்தான், ஊசிமுனையால் தொட்டு வைக்கிற அளவுதான் அனுமதி. பழுது பார்த்து முடித்ததும் மணல்மேட்டில் ஐந்து குண்டு சுட்டுப் பார்ப்பார். எதிரே இலக்கு அட்டை எதுவும் இருக்காது. அவருக்குக் குறி பார்க்கத் தெரியுமா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. கேட்டால், சத்தம் கேட்கத்தான் சுடுகிறேன் என்பார்.

ஒன்பதில் மூணாம் நம்பருக்குத்தான் ஓய்வு ஒழிச்சலே கிடையாது. பிடி மெலிந்தது, சின்னக் கைக்கும் பாந்தமாக உட்காரும். அதனால் காலையில் புதிதாகக் கற்றுக்கொள்பவர்கள் அதைத்தான் கேட்பார்கள், மாலையில் போட்டிக்காரர்களும் அதைத்தான் கேட்பார்கள். பதினொரு வருடத்தில் எண்பத்திரண்டாயிரம் குண்டு. கறுப்புப் பூச்சு உரிந்து, உள்ளங்கை படும் இடமெல்லாம் வெள்ளி போல வெளுத்துவிட்டது. பேரலை ஒரு முறை மாற்றியாகிவிட்டது. மற்றபடி ஸ்பிரிங், ஊசி, கொக்கி என்று காலாகாலத்தில் போட்டுப் பூட்டி, நின்றுபோகாமல் ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

போட்டிக்காரர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. புது ஸ்பிரிங் போட்டால் பிஸ்டலின் குணமே மாறிவிடுகிறது, பழகிய செருப்பைக் கழற்றிவிட்டுப் புதுசு போட்டுக்கொண்டது போலக் கடிக்கிறது என்பார்கள். போட்டி நெருங்க நெருங்க, ஐயாயிரம் வந்துவிடக் கூடாதே என்று நோட்டில் குறைத்து எழுதுவார்கள். அதைப் பிடிக்கத்தான் தராசு. பிடிபட்டவர்களை ஸ்பிரிங்கம்மா மறுநாள் காலை எல்லோர் முன்னிலையிலும் நிற்க வைத்து, விட்டுப்போன எண்ணிக்கையைச் சேர்த்து எழுத வைப்பார்.

ஒரே ஒரு ஆளை மட்டும் விட்டு வைத்திருந்தார். செவ்வாய், வியாழன் மாலைகளில் தனியாக வந்து மூணாம் நம்பரைச் சுடுகிறவள். அவருடைய தம்பியின் மனைவி.

அவள் ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளர். கை நடுங்காத வேலை. முப்பத்தைந்து வயதில் பொழுதுபோக்காகத் துப்பாக்கியைத் தொட்டவள், நாற்பத்திரண்டில் மாநில அணித் தேர்வுக்கு மூன்றாம் முறையாக நிற்கிறாள். முதல் தடவை நாலு புள்ளியில் போயிற்று, போன வருஷம் இரண்டு புள்ளியில். தோள்பட்டையில் ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இந்த வருஷம் விட்டால் அத்தோடு சரி. நாத்தனாரும் தம்பி மனைவியும் என்றால் கேட்கவா வேண்டும். ஆறு வருடத்துக்கு முன், படுத்த படுக்கையாகக் கிடந்த அம்மாவை யார் வைத்துக்கொள்வது என்பதில் இரண்டு வீட்டிலும் சொல்லக் கூடாததையெல்லாம் சொல்லித் தீர்த்தார்கள். அம்மா போய்ச் சேர்ந்தாள். வார்த்தைகள் போகவில்லை. அதன்பிறகு இருவருக்கும் நடுவே ‘வாங்க, சாப்பிட்டீங்களா, வரேன்’ என்ற மூன்று வார்த்தைகளுக்கு மேல் புழங்கியதில்லை.

இப்படியிருக்க, எட்டு மாதமாக அவள் நூற்றறுபது சுட்டுவிட்டு நூறு என்று எழுதுகிறாள். ஸ்பிரிங்கம்மா எட்டு மாதமாக மூக்கால் ‘ம்’ என்கிறார். கேட்க வேண்டுமென்று எத்தனையோ நாள் தொண்டைக்குழி வரை வந்தது. கேட்டால் தம்பி போன் செய்வான், பழைய கதை கிளம்பும், எதற்கு வம்பு என்று விழுங்கிவிடுவார். நோட்டுக் கணக்கில் ஐயாயிரம் ஆகாத ஸ்பிரிங்கைச் சொல்லாமல் மாற்றினாலும் அவள் கைக்குத் தெரிந்துவிடும் என்று அதையும் தொடவில்லை.

தேர்வுக்கு முந்தின நாள் மத்தியானம், வழக்கம்போல எல்லாப் பிஸ்டல்களையும் பிரித்துப் போட்டுப் பார்த்தார். இரும்பில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் கண்டுபிடிக்க அவரிடம் தையல் மெஷின் காலத்து வழி ஒன்று இருக்கிறது. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, ஈரமில்லாமல் துடைத்து, மேலே சாக்பீஸ் பொடியைத் தூவிவிட்டுக் காத்திருக்க வேண்டும். விரிசலுக்குள் புகுந்த எண்ணெய் மெல்லக் கசிந்து, வெள்ளைப் பொடியில் கோடு போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். மூணாம் நம்பரின் ஸ்லைடில், காலித் தோட்டா தெறித்து வெளியே வரும் வாசலின் மூலையில், ஒரு தலைமுடி கனத்துக்குக் கறுப்பாகக் கோடு விழுந்தது.

துடைத்துவிட்டு மறுபடி தூவினார். மறுபடி கோடு. நாலு தடவை செய்தார். பார்ப்பது கண்ணா, தன் மனசா என்று அவருக்கே சந்தேகமாகிவிட்டது. ஏனென்றால் போன வருஷம் இவள் இரண்டு புள்ளியில் தவறவிட்ட சேதி வந்தபோது, ஐயோ பாவம் என்று வாய்தான் சொன்னது. உள்ளே ஏதோ ஒரு மூலையில் கொஞ்சம் குளிர்ந்தது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, கணவரிடம்கூட.

கூடத்தின் பொறுப்பாளரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, நாளைக்கு மொத்தமே அறுபது குண்டுதான், எண்பதாயிரம் தாங்கியது அறுபது தாங்காதா என்று கேட்டார். தாங்கலாம், தாங்காமல் ஸ்லைடு பிளந்து முகத்தில் தெறிக்கவும் செய்யலாம், எதுவென்று எனக்குத் தெரியாது, தெரியாததால்தான் கழற்றி வைக்கிறேன் என்றார் ஸ்பிரிங்கம்மா. பொறுப்பாளர், உங்க குடும்ப விஷயம், நான் தலையிடலை என்று நகர்ந்துவிட்டார். அந்த ஒரு பேச்சு ஸ்பிரிங்கம்மாவைச் சுட்டது.

ஐந்து மணிக்கு அவள் வேலையிலிருந்து நேராக வந்தாள். மேஜை மேல் மூணாம் நம்பர் துண்டு துண்டாகக் கிடப்பதைப் பார்த்ததும் பையைக் கீழே வைக்காமல் நின்றாள். ஸ்பிரிங்கம்மா எதையும் சுற்றி வளைக்கவில்லை. ஸ்லைடை விளக்கடியில் பிடித்துக் கோட்டைக் காட்டினார்.

“இத்தனை நாள் இல்லாத விரிசல் இன்னிக்குத்தான் வருமா, அண்ணி?” அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை என்று இருந்தது.

“இன்னிக்கு வரலை. எட்டு மாசமா வந்துக்கிட்டிருக்கு. நீ நூத்தறுபது சுட்டுட்டு நூறுன்னு எழுதற. ஸ்பிரிங் ஐயாயிரம் தாண்டி ஒன்பதாயிரமும் தாண்டிடுச்சு. அடியெல்லாம் இது மேலதான் விழுந்திருக்கு.”

அவள் முகம் சிவந்தது. இல்லையென்று சாதிக்கவில்லை. “தெரிஞ்சிருந்தா அப்பவே கேட்டிருக்கலாமே. மத்தவங்களை மட்டும் நிக்க வச்சுக் கேக்கறீங்க” என்றாள்.

ஸ்பிரிங்கம்மா திருகாணிக் கண்ணாடியைக் கழற்றினார். மற்றதைப் போட்டுக்கொள்ளவில்லை.

“வேற யாரா இருந்தாலும் அன்னிக்கே கேட்டிருப்பேன். உன்னைக் கேட்டா நாத்தனார் கேக்கறான்னு ஆயிடும். அந்த பயத்துல வாயை மூடிக்கிட்டேன். நீ எழுதினது பொய்தான். ஆனா மெஷினைக் கெடுத்தது என் பயம்.”

“நாளைக்கு எல்லாரும் சொல்வாங்க, நாத்தனார் கெடுத்துட்டான்னு.”

“சொல்றவங்க சொல்லட்டும். நீ சொல்லுவியா?”

அவள் வெளியே போனாள். ஜன்னல் வழியாகப் பார்த்தால், சுற்றுச்சுவர் ஓரமாகப் போனைக் காதில் வைத்துக்கொண்டு நடக்கிறாள். இரண்டு நிமிஷத்தில் ஸ்பிரிங்கம்மாவின் போன் அடித்தது. தம்பி. அடித்து ஓயட்டும் என்று விட்டுவிட்டார். அது இன்னொரு முறையும் அடித்து ஓய்ந்தது. அவர் அலமாரியைத் திறந்து ஆறாம் நம்பரை எடுத்தார். இருப்பதில் நம்பகமானது அதுதான். ஸ்பிரிங் போட்டு அறுநூறு குண்டுதான் ஆகியிருந்தது. ஆனால் பிடி தடித்தது, அவள் விரல் விசையைச் சுற்றி முழுசாக எட்டாது. பிடியின் பின்பக்கத்து ரப்பரைக் கழற்றிவிட்டு, கத்தியால் சீவிச் சீவி மெலிதாக்கி, மேலே துணி டேப்பைச் சுற்ற வேண்டும். எவ்வளவு சீவுவது என்பது கையைப் பிடித்துப் பார்க்காமல் தெரியாது. அந்தக் கையை எப்படிக் கேட்பது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை. ரப்பரைக் கழற்றி, கத்தியை எடுத்து, டேப்பை வெட்டி வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார்.

கதவு திறந்தது. அவள் உள்ளே வந்தாள். கழற்றிப் போட்ட ரப்பரையும் கத்தியையும் ஒரு பார்வை பார்த்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். அழுதிருந்தது கண்ணில் தெரிந்தது. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, வலது கையை மட்டும் விரல் விரித்து ஸ்பிரிங்கம்மாவின் மடியில் வைத்தாள்.