பானெட்டில் வந்த தாய்மாமன்

என் வீட்டுக்காரருக்கு அப்போதே நல்ல கனத்த உடம்பு. பெண் பார்க்க வந்தபோது எங்கள் வீட்டு நாற்காலி முனகியதை என் சித்தி இன்றைக்கும் நடித்துக் காட்டுவாள். அந்த உடம்புதான் ஒரு நாள் எங்கள் குடும்பத்து மானத்தைக் காப்பாற்றியது. கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் இருக்கும்.

அவர்கள் குடும்பத்துக்குத் தேவாரம் ஊரில் வீடு, வயல். அவருடைய தங்கையைப் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், ஏலத்தோட்டம் வைத்திருந்த குடும்பத்தில் கொடுத்திருந்தார்கள். எங்கள் கல்யாணத்துக்கு முன்பு நடந்த அவளுடைய வளைகாப்பின்போது அடைமழையில் மலைப்பாதை சரிந்து கிடந்ததால் பிறந்த வீட்டு ஆட்கள் ஒருவரும் போக முடியவில்லை. அவளுடைய மாமியார் அதையே ஒரு சொல்லாக்கி வைத்துக்கொண்டார். "எம் மருமக பொறந்த வீட்டுப் பாசம் சமதளத்துலதேன் ஓடும். மேடு ஏறாது." போடிச் சந்தைக்கு இறங்கி வருகிறவர்கள் எல்லோரும் இதைச் சுமந்து வந்து எங்கள் வாசலில் இறக்கிவிட்டுப் போவார்கள்.

பிறகு பேரனுக்குக் காது குத்து வைத்தார்கள். சேதி இப்படி வந்தது: "புதங்கெழம உச்சிக்கு முன்னாடி குத்தணும். அப்புறம் ராகுகாலம். தாய்மாமன் வந்தா அவரு மடி. வரலேன்னா, எங்க பக்கத்துல மடிக்கா பஞ்சம்?"

என் மாமியார் அதைக் கேட்ட அன்றைக்கே வேன் பேச ஆள் அனுப்பினார்.

வந்தது ஒரு கிழட்டு வேன். அதுவரை ஏலக்காய் மூட்டை சுமந்து பிழைத்த வண்டி. உள்ளே ஏறினால் பாயசத்துக்குள் உட்கார்ந்த மாதிரி மணக்கும். பின்கதவைக் கயிறு போட்டுக் கட்ட வேண்டும். ஹாரன் அடிக்காது, டிரைவரே தலையை வெளியே நீட்டிக் கத்துவார். அதில் நெல் மூட்டை, வாழைத்தார், வெல்லம், பித்தளை அண்டா, மரத் தொட்டில், மிரண்டு போன ஒரு கிடா என்று ஏற்றிக்கொண்டே போனோம். எல்லாம் முடிந்தது என்று பார்த்தால், நாலு ஆட்கள் ஒரு ஆட்டுக்கல்லைத் தூக்கி வந்தார்கள். மகள் வீட்டுக் கல் வழுக்கிப்போய் மாவு அரைபடவில்லையாம். கடைசியாக வந்ததால் அது பின்கதவை ஒட்டி உட்கார்ந்தது.

"ஆத்தா, சீரு கொண்டு போறீகளா, ஊரயே பேத்துக்கிட்டுப் போறீகளா?" என்றார் டிரைவர்.

"ஒஞ் சோலி ஓட்டுறது. ஓட்டுப்பா," என்றார் மாமியார். சாமான்களுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, எங்களைப் பார்த்துச் சொன்னார்: "இது ஏறுனது இங்க, எறங்குறது எம்மவ வாசல்ல. நடுவுல எங்கயும் எறக்கக் கூடாது."

மிச்சமிருந்த இடுக்குகளில் சொந்தபந்தங்கள் உட்கார்ந்துகொண்டோம். என் மடியில் ஒரு பூக்கூடை, என் தோளில் கிடாவின் தாடை. சிலமலை ஊரைத் தாண்டும்போதுதான் விடிந்தது. வயலுக்குப் போகிறவர்கள் வண்டியைப் பார்த்து ஒதுங்கி நின்று, "எந்த ஊருக்குக் குடி போறீக?" என்று கேட்டார்கள். போடியில் டீ குடித்து, வெற்றிலை வாங்கிக்கொண்டு முந்தல் வந்தோம். அங்கிருந்து மலை ஏற்றம்.

முதல் கொண்டை ஊசி வளைவில் டிரைவர் ஸ்டீரிங்கை முழுக்க ஒடித்தார். வேன் திரும்பவில்லை. நேராகப் பள்ளத்தைப் பார்த்துப் போனது. பிரேக்கை மிதித்து நிறுத்தினார். அவர் சொல்வதற்கு முன்பே எல்லோரும் கீழே குதித்திருந்தோம், கிடாவைத் தவிர.

டிரைவர் குனிந்து பார்த்துவிட்டு வந்தார். "முன்சக்கரம் தரையில பாவவே இல்ல ஆத்தா. பின்னால கல்லு அமுக்குது, முன்பக்கம் தூக்குது. கல்ல இங்கன எறக்கிப் போட்டுட்டு, நாளைக்கு வந்து எடுப்போம்."

"எறக்க மாட்டேன்."

"அப்ப முன்னால கனமா எதயாச்சும் வைக்கணும்."

யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. எல்லோருடைய கண்ணும் என் வீட்டுக்காரர் மேல் போய் நின்றது.

"எதுக்கு எல்லாரும் என்னயப் பாக்குறீக?"

"மாப்ளே," என்றார் டிரைவர் பணிவாக, "ஏறுங்க."

பானெட்டின்மேல் நனைத்த சாக்கை விரித்தார்கள். பட்டுக்கரை வேட்டியும் சந்தனமுமாக அவர் ஏறி அமர, வேன் முன்பக்கம் அமர்ந்தது. வளைவில் சொன்ன பேச்சைக் கேட்டுத் திரும்பியது. நாங்கள் பின்னால் நடந்தோம். வண்டி நின்றால் சக்கரத்துக்கு அண்டை கொடுக்கும் கட்டை என் கையில்.

"ஏய், கட்டயக் கவனமாப் போடு," என்று முன்னாலிருந்து குரல் வந்தது. "நான் பள்ளத்துல போயிட்டா ஒனக்குத்தேன் கஷ்டம்."

"நீங்க போனா சீரும் சேந்துல்ல போகும்? அதுக்காகவாச்சும் கவனமாப் போடுறேன்," என்றேன்.

புது மருமகள் பேசுகிற பேச்சா அது! நாக்கைக் கடித்துக்கொண்டேன். மாமியாரோ முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

வழிநெடுக ரேடியேட்டர் கொதித்தது. ஊற்றுகளில் தண்ணீர் பிடித்து அதற்குக் கொஞ்சம், சாக்குக்குக் கொஞ்சம் ஊற்றினோம். "ஏப்பா, அடியில சுடுதுப்பா!" என்று அவர் கத்துவார். "இட்டிலி வேகுற நேரந்தேன், பொறுங்க மாப்ளே," என்பார் டிரைவர். மேலே போகப் போக மூடுபனி இறங்கிச் சூரியனை மறைத்துவிட்டது. யாரிடமும் கடிகாரம் இல்லை. "உச்சி ஆயிருச்சா? ஆயிருச்சா?" என்று மாமியார் எதிரே வருகிறவர்களை எல்லாம் கேட்டுக்கொண்டே நடந்தார்.

போடிமெட்டில் எல்லைச் சோதனைச் சாவடிக்காரர் கையைக் காட்டினார். "வண்டிக்குள்ள என்ன?"

"சீரு," என்றார் டிரைவர்.

"வெளிய?"

"மாமன்."

அந்த மனிதர் சிரித்த சிரிப்பில் சோதனை மறந்துபோனது. சாவடிக் கடிகாரத்தை எட்டிப் பார்த்து, "உச்சிக்கு இன்னும் கொஞ்சந்தான் இருக்கு, வெரசாப் போங்க," என்று தடுப்பைத் தூக்கிவிட்டார். அதற்கப்புறம் ஏற்றம் குறைவு. நாங்கள் வண்டிக்குள் தொற்றிக்கொண்டோம். ஆனாலும் வளைவுகளை நம்பி அவரை இறக்க டிரைவருக்கு மனம் வரவில்லை.

ஏலச்செடிகளுக்குள்ளிருந்து வேலையாட்கள் ஓடி வந்தார்கள். "எந்தா இது, உத்ஸவமோ?" என்று ஒரு மலையாளத்துக்காரர் கேட்க, எங்கள் வண்டிப் பெண்கள் பதிலுக்குக் குலவை போட்டார்கள்.

வாசலில் மணை போட்டு, குழந்தையின் பெரியப்பா மகன் ஒருவர் புதுத் துண்டோடு உட்கார்ந்திருந்தார். ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். குழந்தையைத் தூக்கி வந்துகொண்டிருந்த என் நாத்தனார் நிமிர்ந்து பார்த்து, "அண்ணே!" என்று ஒரு கூப்பாடு போட்டாளே, அந்தக் குரலுக்கே மணையில் இருந்தவர் எழுந்துவிட்டார்.

என் வீட்டுக்காரர் பானெட்டிலிருந்து வழுக்கி இறங்கி, ஓடிப் போய் மணையில் உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில், "ஸ்ஸ்... ஆத்தாடி!" ஊசி இன்னும் காதைத் தொடவே இல்லை. முகமெல்லாம் புழுதியாக முனகுகிற மாமனைப் பார்த்து மருமகன் கெக்கலி கொட்டிச் சிரித்தான். சிரிக்கிற நேரத்தில் ஆசாரி ஒரு காதைக் குத்தி முடித்துவிட்டார். இரண்டாவது காதுக்கு மாமனும் மருமகனும் சேர்ந்தே கத்தினார்கள்.

எல்லாம் முடிந்தபின் சம்பந்தியம்மா வேனைச் சுற்றிப் பார்த்தார். "எதுக்கு மதினி ஒங்க மகன் முன்னால ஒக்காந்து வந்தாரு?"

டிரைவர் விளக்கினார். பின்பாரம், முன்சக்கரம், சீரை வழியில் இறக்கக் கூடாதென்ற கட்டளை, எல்லாம்.

சம்பந்தியம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "எறக்கக் கூடாது, சரி. உள்ளுக்குள்ளயே முன்னால நகட்டி வச்சிருக்கலாமே?"

டிரைவர் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். நாங்கள் ஆளாளுக்கு மலையைப் பார்த்தோம். என் மாமியார் மட்டும் அசரவில்லை.

"நகட்டியிருந்தா எம் மகன் கதவத் தொறந்துக்கிட்டு எறங்கியிருப்பான், மதினி. ஒங்க மலையில ஒரு ஆளு திரும்பிப் பாத்திருக்குமா?"

சம்பந்தியம்மா சிரிக்கத் தொடங்கினார். நிற்க முடியாமல், அப்போதுதான் இறக்கி வைத்த ஆட்டுக்கல்லின்மேலேயே உட்கார்ந்துவிட்டார். "யாத்தே, ஒங்க பாசத்த இனிமே எட போட மாட்டேன் மதினி. வண்டி தாங்காது!"

அன்று பந்தியில் என் வீட்டுக்காரர் நின்றுகொண்டேதான் சாப்பிட்டார்.

திரும்பும்போது வேன் காலி. டிரைவர் முன் இருக்கையைத் துண்டால் தட்டிவிட்டு, "வாங்க மாப்ளே, ராசா மாதிரி ஒக்காருங்க," என்றார். என் வீட்டுக்காரர் பானெட்டை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பின்கதவோரம், ஆட்டுக்கல் இருந்த இடத்தில் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டார், குப்புற.