வடக்கே மூன்று மீட்டர்

என் தங்கை மணலில் ஒரு குச்சி நட்டால் அது நட்ட இடத்தில் நேராக நிற்கும். ஏன் அங்கே நட்டாய் என்று கேட்டால் அவளிடம் பதிலும் இருக்கும். இதைப் போன வருடம் வரை எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போதும் பெருமைதான். சொல்லும்போது வாய் கசக்கிறது, அவ்வளவுதான்.

நான் கண்ணாடி வெட்டும் கடையில் வேலை செய்கிறேன். படிப்பு எட்டாவதோடு நின்றது. ஜன்னல் கண்ணாடி ஒரு நூல் கூடினால் சட்டத்துக்குள் போகாது. ஒரு நூல் குறைந்தால் காற்றடிக்கும்போதெல்லாம் கடகடவென்று ஆடும். தங்கை பள்ளிக்கூடம் விட்டதும் நேராகக் கடைக்கு வந்துவிடுவாள். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க எனக்கும் ஆள் வேண்டியிருந்தது. ஒருநாள் கேட்டாள், பென்சில் கோட்டுக்கு இந்தப் பக்கம் வெட்டுகிறாயா, அந்தப் பக்கமா, கோட்டுக்கே ஒரு தடிமன் இருக்கிறதே என்று. முதலாளி கல்லாவிலிருந்து எழுந்து வந்து அவளைப் பார்த்தார். கடை வைத்த நாளிலிருந்து யாரும் தன்னிடம் அதைக் கேட்டதில்லை என்றார்.

வீட்டில் அவளுக்கு அளவுகோல் என்று பெயர். அம்மா வைத்தது. "இவளை வெங்காயம் நறுக்கச் சொல்லிட்டு நான் துணி துவைச்சு, காயவெச்சு, மடிச்சும் வெச்சுடலாம்" என்பாள். ஆனால் கொடியில் தங்கை உலர்த்திய துணிகளை மட்டும் அம்மா இஸ்திரி போடுவதில்லை. போடத் தேவையிருக்காது.

விலங்கியல் படித்துப் பட்டம் வாங்கினாள். எங்கள் வீட்டில் முதல் பட்டம். சட்டம் போட்டு மாட்ட நானே கண்ணாடி வெட்டினேன். கிடைத்த வேலை சீசன் வேலை. ஆற்று முகத்துவாரத்தில் ஒரு ஆய்வு நிலையம் இருக்கிறது. பறவைகள் முட்டையிட வரும் மாதங்களுக்கு மட்டும் சிலரைக் களப் பயிற்சியாளர்களாக எடுப்பார்கள். பறவைகள் கிளம்பினால் இவர்களும் மூட்டை கட்ட வேண்டும். மீதி மாதங்களில் தங்கை ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றாள். பெண் பார்க்க வந்த பெரியவர் ஒருவர் பொண்ணுக்கு என்ன வேலை என்று கேட்டார். சீசன் வேலை என்றாள் அம்மா. பழ வியாபாரமா என்றார் அவர். நான் குறுக்கிட்டு, பறவை சம்பந்தமான வேலை என்று விளக்கினேன். கோழிப் பண்ணை நல்ல தொழில்தான் என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

வேலை இதுதான். முகத்துவாரத்தில் இரண்டு மணல்திட்டுகள் உண்டு. ஆலா என்ற பறவை அங்கே வந்து வெறும் மணலில் முட்டையிடும். கூடு என்று சொல்ல ஒன்றும் கிடையாது. காலால் கிளறிய ஒரு சிறு குழி. முட்டையைக் கூழாங்கல் என்று நினைத்து மிதித்துவிடலாம். மணல் எவ்வளவு சுடுகிறது, நீரில் எவ்வளவு உப்பு, காற்று எந்தப் பக்கம், எந்தக் குழியில் எத்தனை முட்டை, எத்தனை பொரிந்தது, பொரியாததற்கு என்ன ஆயிற்று, இவ்வளவையும் எழுதி வர வேண்டும். ஒருமுறை பார்த்த குழியை மறுமுறை கண்டுபிடிப்பதுதான் பெரிய பாடு. கையிலிருக்கும் ஜி.பி.எஸ். கருவி ஏறக்குறைய அந்த இடத்தில் கொண்டுபோய் விடும். அதற்குமேல் அதற்குத் தெரியாது. அதனால் குழிக்குக் கொஞ்சம் தள்ளி, எண் எழுதிய குச்சி ஒன்றை ஆரஞ்சு நிறத் துணி கட்டி நடுவார்கள். எங்கே நட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. பக்கத்தில் நடுங்கள் என்றார்கள்.

பக்கத்தில் என்ற சொல் என் தங்கைக்குப் போதாது. மூன்றாவது சீசனில் கிழக்குத் திட்டை அவள் பொறுப்பில் விட்டார்கள். திசைகாட்டி வைத்து, டேப் பிடித்து, எல்லாக் குச்சிகளையும் குழிக்கு நேர் வடக்கே மூன்று மீட்டரில் நட்டாள். குச்சியடியில் நின்று தெற்கே பார்த்தால் போதும், முட்டை இருக்கும். திட்டு முழுவதையும் அவள் ஒரு காலையில் சுற்றிவந்துவிடுவாள்.

மேற்குத் திட்டு இன்னொரு பயிற்சியாளனுக்கு. அவளைவிட இளையவன். எந்நேரமும் கொட்டாவி விடுவதால் கொட்டாவி என்றே அவனுக்குப் பெயராகிவிட்டது. குழியைப் பார்த்ததும் தான் நிற்கிற இடத்தில் ஒரு குச்சியைச் செருகிவிட்டு நகர்வான். சில சமயம் குச்சி எடுத்துவர மறந்து துணியை மட்டும் ஏதாவது செடியில் முடிந்துவிடுவான். மறுமுறை வரும்போது இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று பாதிப் பொழுது தேடுவான்.

நிலையத்தின் தலைவியை எல்லோரும் டாக்டரம்மா என்பார்கள். அவர் ஒருநாள் எல்லாப் பயிற்சியாளர்களையும் கிழக்குத் திட்டுக்கு அழைத்துவந்து தங்கையின் குச்சிகளைக் காட்டினார். குச்சி நடுவதென்றால் இப்படி என்றார். கொட்டாவியும் தலையாட்டினான். அதோடு சரி.

அந்த வருடம் ஒரு நிரந்தர வேலை இருந்தது. சீசன் முடிவில் பயிற்சியாளர்களில் ஒருவரைக் கள உதவியாளராக எடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அவரவர் திட்டின் விவரம் முழுமையாகவும் நம்பும்படியாகவும் இருக்க வேண்டும் என்பது முதல் நிபந்தனை. கேட்டதும் அம்மா ஜெராக்ஸ் கடைக்காரரிடம் வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள். எனக்கும் அது அவசரமாகத் தோன்றவில்லை. வேறு யாருக்குக் கிடைக்கப்போகிறது?

கிழக்குத் திட்டில் முட்டைகள் காணாமல் போக ஆரம்பித்தன. முதலில் ஓரத்தில் சில குழிகள், பிறகு நடுவில். காக்கைக் கால் தடமும் ஓட்டுத் துண்டுகளும் கிடந்தன. டாக்டரம்மா ஆச்சரியப்படவில்லை. குப்பைமேடு வளர வளரக் காக்கை பெருகிவிட்டது, ஆலாவுக்கு இனி இங்கே இடமில்லை என்று அவர் வெகுநாளாகச் சொல்லிவந்தார். தங்கையின் விவரம் அதற்குச் சாட்சியாக இருந்தது. காக்கை தின்றது என்று எழுதிக்கொண்டே போனால் போதும், எல்லோருக்கும் திருப்தி.

தங்கை மட்டும் வீட்டில் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள். மேற்குத் திட்டுதான் குப்பைமேட்டுக்குக் கிட்டே, அங்கே இந்த அளவு போகவில்லையே என்றாள். கொட்டாவி ஒழுங்காகப் பார்த்திருக்க மாட்டான் என்றேன். பார்த்தேன், நானே போய்ப் பார்த்தேன் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூட வரச் சொன்னாள். அன்று நிலையத்தில் ஆள் இருக்காது. கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த படகுக்குப் பின்னால் என்னை உட்காரவைத்துவிட்டு, குழியே இல்லாத ஒரு வெற்று இடத்தில் துணி கட்டிய புதுக் குச்சி ஒன்றை நட்டுவிட்டு வந்தாள். காத்திருந்தோம்.

ஒரு காக்கை வந்தது. குச்சியடியில் இறங்கி, தலையைச் சாய்த்துத் துணியைப் பார்த்தது. பிறகு தெற்கே திரும்பி நடந்தது. அங்குமிங்கும் மேயாமல் வேலைக்குப் போகிறவன் மாதிரி நேராக நடந்தது. மூன்று மீட்டர் இருக்கும். நின்றது. மணலைக் கொத்திப் பார்த்தது, ஒரு சிப்பியைப் புரட்டிப் பார்த்தது. ஒன்றுமில்லை. திரும்பக் குச்சியடிக்கு வந்து மறுபடி தெற்கே நடந்தது. தான்தான் எங்கோ அளவு தப்பிவிட்டோம் என்று நினைத்ததுபோல.

"பாத்தியா அண்ணா" என்றாள் தங்கை. "நான் சொல்லிக்குடுத்ததை அப்படியே செய்யுது."

அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. எழுந்து போய்க் குச்சிகளைப் பிடுங்க ஆரம்பித்தாள். நானும் பிடுங்கினேன். மிச்சமிருந்த குழிகள் கொஞ்சம்தான். அவற்றின் இடம் அவளுக்கு மனப்பாடம். மேலே ஆலாக்கள் கத்திக்கொண்டு எங்கள் தலையைக் குறிவைத்துப் பாய்ந்தன. அவற்றுக்கு நாங்களும் ஒன்று, காக்கையும் ஒன்று.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னோம். அம்மா அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டாள். இது யாருக்கெல்லாம் தெரியும் என்றாள். எங்களுக்கு மட்டும்தான் என்றேன்.

"அப்ப குச்சியெல்லாம் காத்துல சாஞ்சுடுச்சுன்னு சொல்லு. பொய்யா? அங்க காத்தே அடிக்கறதில்லையா?"

"நான் அதைச் சொல்லலம்மா. முட்டை ஏன் போச்சுன்னு சொல்லணும்ல."

"சொல்லேன். யாரு வேணாங்கறா? வேலை கைக்கு வந்தப்புறம் சொல்லு. உண்மை என்ன சோறா, ஊசிப்போக?"

அம்மா சொன்னது எனக்கும் சரியென்றே பட்டது. தங்கை டேப்பிலிருந்த மணலை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். பூந்தொட்டி வைக்கிறவன்கூட ஒரே வரிசையில்தானே வைப்பான், உன்மேல் என்ன தப்பு என்று கேட்டேன். தப்பு யாருடையது என்பதைப் பற்றித் தான் பேசவேயில்லை என்றாள். தன் திட்டில் எழுதியிருப்பதெல்லாம் ஆலாவைப் பற்றியது இல்லை, தன்னைப் பற்றியது, அதுதான் விஷயம் என்றாள்.

மறுநாள் டாக்டரம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டாள். அவர் திட்டவில்லை. கூடவே வந்து வெற்று இடத்தில் குச்சி நடச் சொல்லி, காக்கை நடப்பதைத் தன் கண்ணால் பார்த்தார். அப்புறம் ஜீப்பில் ஏறி உட்கார்ந்து தங்கையின் நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினாராம்.

"உன்னைக் குத்தம் சொல்ல மாட்டேன்" என்றாராம் கடைசியில். "ஆனா கிழக்குத் திட்டு விவரத்தை இனிமே நான் எப்படி நம்பறது, சொல்லு."

"நம்ப முடியாது மேடம்" என்றாள் என் தங்கை.

அவளே சொன்னாள். நினைத்தால் இப்போதும் எனக்கு ஆறவில்லை. அவர் கேள்வியாகத்தான் கேட்டிருக்கிறார். வேறு எந்தப் பெண்ணாக இருந்தாலும் நாலு சமாதானம் சொல்லியிருப்பாள்.

கிழக்குத் திட்டை மொத்தமாக நீக்கிவிட்டார்கள். காட்ட விவரம் இல்லாததால் தங்கை முதல் நிபந்தனையிலேயே விழுந்துவிட்டாள். மேற்குத் திட்டில் நிறைய பொரிந்திருந்தது. எந்தக் குச்சியும் எதையும் காட்டிக்கொடுக்கவில்லை. காக்கைகள் குச்சியைச் சுற்றிச் சுற்றி வந்து அலுத்துப்போய்விட்டன. கொட்டாவிக்கு வேலை கிடைத்தது. தேர்வுக் கூட்டத்தில் தங்கையின் நேர்மையைப் பற்றி டாக்டரம்மா நன்றாகச் சொன்னாராம். எல்லோரையும் அழைத்துவந்து குச்சி நடுவதென்றால் இப்படி என்று காட்டியது யார் என்பதை மட்டும் யாரும் நினைவுபடுத்தவில்லை.

கொட்டாவி கெட்டவன் இல்லை. அப்படி இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். ஒரு சாயங்காலம் பிஸ்கட் பாக்கெட்டோடு வீட்டுக்கு வந்தான். உட்காரச் சொன்ன நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான்.

"அக்கா, எங்க நட்டேன்னு எனக்கே தெரியாது. அதுக்குப் போய் ஒழுங்கற்ற முறைன்னு பேர் வெச்சிருக்காங்க. அடுத்த சீசனுக்கு அதை எப்படிச் செய்யணும்னு நான் எழுதித் தரணுமாம்."

"சரி, எழுது."

"என்னத்தை எழுத? தூக்கக் கலக்கத்துல நடவும்னா?"

தங்கை சிரித்துவிட்டாள். வீட்டில் அவள் சிரித்து மாதக்கணக்காகியிருந்தது. உள்ளே போய் லூடோ டப்பாவிலிருந்து பகடையை எடுத்துவந்தாள். குழியைக் கண்டதும் ஒருமுறை உருட்டு, விழும் எண்ணுக்கு ஒரு திசை. இன்னொரு முறை உருட்டு, விழும் எண் அத்தனை மீட்டர் தூரம். ஒவ்வொரு குச்சிக்கும் அதை எழுதிக்கொள். நமக்குத் தெரியும், காக்கைக்குத் தெரியாது. கை தானாக ஒரு பழக்கத்துக்குப் போய்விடும், அதனால் மனதில் தோன்றியபடி மட்டும் நட்டுவிடாதே என்று இரண்டு முறை சொன்னாள். அவன் குறித்துக்கொண்டான்.

அம்மா டீ கொண்டுவந்து வைத்தாள். "சோம்பேறித்தனத்துக்கு இத்தனை விதியா தம்பி?" என்று கேட்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். பிஸ்கட் பாக்கெட்டை யாரும் பிரிக்கவில்லை.

ஜெராக்ஸ் கடையில் அவள் இடத்துக்கு வேறு பெண் வந்துவிட்டிருந்தாள். தங்கை ஒரு துணிக் கிடங்கில் சட்டைகளை அளவு பார்த்துப் பிரிக்கும் வேலைக்குப் போனாள். அங்கே அவளுக்கு நல்ல பெயர். சட்டைகளால் யாருக்கும் கெடுதல் வந்ததாகத் தெரியவில்லை.

அடுத்த சீசனுக்குப் பயிற்சியாளர்களைக் கூப்பிட்டபோது அவளையும் கூப்பிட்டார்கள். போகாதே என்றேன். உன்னிடம் பாடம் கேட்டுப் போனவனுக்குக் கீழே கைகட்டி நிற்கப் போகிறாயா, இது மரியாதையா என்று கேட்டேன். கொஞ்சம் கத்தியும்விட்டேன்.

"வேற எங்க போய் இந்த வேலையைச் செய்யறது? எங்கன்னு சொல்லு, அங்க போறேன்" என்றாள்.

கிடங்கில் விடுப்புக் கேட்டாள், தரவில்லை, வேலையை விட்டுவிட்டாள். முதல் நாள் நானே வண்டியில் கொண்டுபோய் முகத்துவாரத்தில் இறக்கிவிட்டேன்.

சாயங்காலம் வந்து காலில் ஒட்டியிருந்த மணலைக் கழுவிக்கொண்டே நடந்ததைச் சொன்னாள். புதுப் பயிற்சியாளர்களை வட்டமாக நிற்கவைத்து அவன் பகடை உருட்டிக் காட்டியிருக்கிறான். இவள் அந்த வட்டத்தில் ஓரமாக நின்றிருக்கிறாள். தூரத்துக்கு எத்தனை முறை உருட்ட வேண்டும் என்று அவனுக்குக் குழம்பிவிட்டது. எல்லோர் முன்னாலும் இவளைப் பார்த்து, சரிதானே அக்கா என்று கேட்டிருக்கிறான்.

"நீ என்ன சொன்ன?"

"சரிதான் சார்னு சொன்னேன்."

அவனைப் போய் எதற்கு சார் என்று கூப்பிட்டாய் என்று கேட்டேன்.

"புதுப் பசங்க இருந்தாங்க அண்ணா" என்றாள். "நான் கூப்பிடறதைக் கேட்டுத்தானே அவங்களும் கூப்பிடுவாங்க?"