‘டிஃபரென்ட்’டுக்குப் பின்னால் என்ன வரும்

நான் ஏழாம் வகுப்பில் இருந்தபோது, எங்கள் பள்ளியிலேயே ஆங்கில ஆசிரியை வேலைக்கு அம்மா விண்ணப்பித்திருந்தாள். செல்லூரில் விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே என்னை வளர்த்துக்கொண்டே தபால் வழியில் எம்.ஏ. முடித்தவள். ஒரு வகுப்பு எடுத்துக் காட்டச் சொன்னார்கள். அவளுக்கு வாய்த்தது என் வகுப்பு.

“அங்க நான் ஒனக்கு அம்மா இல்ல, மிஸ்ஸு. தெரிஞ்சா கையத் தூக்கு. கம்முனு உக்காந்திருக்காத” என்று காலையிலேயே சொல்லியிருந்தாள்.

தலைமையாசிரியை நோட்டோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். அம்மா முதலில் திணறினாலும் சீக்கிரமே பிள்ளைகளைச் சிரிக்க வைத்துவிட்டாள். உசிலம்பட்டி வெயில் மதுரை வெயிலிலிருந்து வேறுபட்டது என்று ஆங்கிலத்தில் எழுதினாள். ‘டிஃபரென்ட்’டுக்குப் பின்னால் ‘டு’ போட்டிருந்தாள். அங்கே ‘ஃப்ரம்’ தவிர வேறெதுவும் வரக்கூடாது என்று பழைய மிஸ் எங்களை ஐம்பது தடவை எழுத வைத்திருந்தார். எனக்கு ஒரே சந்தோஷம். பிள்ளைகள் பதில் சொன்னால் வகுப்பு களைகட்டும், அம்மாவுக்கு வேலை கிடைத்துவிடும். எழுந்து நின்றேன்.

“மிஸ், அது டு இல்ல, ஃப்ரம்.”

அம்மா கரும்பலகையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ‘டு’வை அழித்துவிட்டு ‘ஃப்ரம்’ என்று எழுதினாள்.

“கரெக்ட். உக்காரு.”

கடைசி பெஞ்சில் பேனா ஓடியது.

வேலை கிடைக்கவில்லை. இலக்கணம் போதாது என்றார்களாம். அம்மா தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்க ஆரம்பித்தாள். நான் மிஸ்ஸையே திருத்திய கதையைப் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

இப்போது ஆங்கிலப் பிரதிகளைத் திருத்துவதுதான் என் பிழைப்பு. போன மாதம் லண்டன்காரர் ஒருவரின் கட்டுரையில் ‘டிஃபரென்ட் டு’ வந்தது. ‘டு’வை அடித்துத் திருத்தப் போனவள் சந்தேகப்பட்டு அகராதியைத் திறந்தேன். அந்த ஊரில் அப்படியும் சொல்வது வெகுகால வழக்கமாம். அம்மாவுக்குப் போன் போட்டேன்.

“அன்னைக்கே தெரியும்டி. ரேடியோவுல கேட்டுக் கேட்டுத்தான எழுதுனேன்.”

“அப்புறம் ஏம்மா அழிச்ச?”

“ரெண்டும் சரின்னு சொல்லியிருக்கலாம். நீ எந்திரிச்சு நின்னுக்கிட்டு இருந்த. அம்புட்டுப் பிள்ளைகளும் ஒன்னையவே பாத்துக்கிட்டு இருந்துச்சுக.”

அன்று வீடு திரும்பும்போது அம்மா என் புத்தகப் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். சரியான பதில் சொன்னதற்குப் பரிசாகத்தான் பையைச் சுமக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, நான் கையை வீசியபடி முன்னால் நடந்தேன்.