கால் பட்டுவிட்டால்

காலை ஆறு பதினேழு. முதலில் கண்ணில் பட்டது அக்காவின் வலது குதிகால். அது பின்னால் போய், தரையைத் தொட்டும் தொடாமலும் ஒரு விநாடி நின்று, மறுபடி முன்னால் வந்தது. மேற்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டு முன்னறையில், பீரோக் கண்ணாடிக்கு எதிரே, நைட்டியைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவள் ஓர் இளவரசியை வணங்கப் பழகிக்கொண்டிருந்தாள்.

"எண்ணுடா. இது பதினொண்ணு."

"பன்னெண்டு. போதும்க்கா, இட்லி ஆறுது."

"எட்டு வருஷமா ஆறிக்கிட்டுதான் இருக்கு" என்றாள் கண்ணாடியைப் பார்த்தபடியே.

திருநீர்மலை போகும் சாலையில் காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளி ஒன்றில் அக்கா ஆசிரியை. எட்டு வருடமாகத் தற்காலிகம். ஒவ்வொரு ஏப்ரல் கடைசியிலும் விடுவிப்பார்கள். ஜூனில் கூப்பிட்டால் உண்டு. இந்த முறை நிரந்தர இடம் ஒன்று வந்திருந்தது. அவள் பெயரில் ஆணை தட்டச்சாகித் தாளாளரின் மேசையில் இருந்தது. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. பள்ளியின் புதிய கட்டடத்துக்கு உதவிய அறக்கட்டளைக்குப் புரவலர் ஓர் ஐரோப்பிய நாட்டின் இளவரசி. அன்று பதினோரு மணிக்கு அவர் வருவதாக இருந்தது. "நாளைக்கு ஒழுங்கா முடியட்டும்மா. சாயங்காலமே கையெழுத்து போட்டுடறேன்" என்று தாளாளர் முந்தின நாள் அக்காவிடம் சொல்லியிருந்தார். தென்புறநகர்ச் செய்திகளைப் பார்த்துக்கொண்டிருந்த நான், என் பத்திரிகைக்காக அங்கே போகவேண்டியிருந்தது.

முந்தின நாள் ஒத்திகைக்கும் போயிருந்தேன். தூதரகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்திருந்தார். சென்னைக்காரர். ஒரே தாளில் எல்லா விதிகளும் இருந்தன. ஆண்கள் கழுத்தை மட்டும் தாழ்த்தவேண்டும், இடுப்பை வளைக்கக் கூடாது. பெண்கள் வலது காலைப் பின்னால் வைத்து, முதுகு நிமிர்ந்தபடி இரண்டு முழங்காலையும் கொஞ்சம் மடக்கி, உடனே எழவேண்டும். இளவரசி கை நீட்டினால் மட்டும் கை கொடுக்கலாம். நாமாக முதலில் பேசக் கூடாது. நாமாக அவரைத் தொடவே கூடாது.

வாசித்து முடித்ததும் அதிகாரி கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு சொன்னதை நான் குறிப்பேட்டில் அடிக்கோடிட்டு வைத்திருந்தேன். "வணங்கறது இப்பல்லாம் கட்டாயம் இல்ல சார். அவங்க நாட்டுலயே விருப்பப்பட்டவங்கதான் செய்யறாங்க. கைகூப்பி வணக்கம் சொன்னாலே போதும்."

தாளாளர் ஒப்பவில்லை. "எங்க ஸ்டாஃப் செய்வாங்க மேடம். இவங்களுக்குத் தெரியலன்னு அவங்க நினைச்சிடக் கூடாது."

வரவேற்பு வரிசைக்கு மூன்று ஆசிரியைகள். முதலில் அக்கா. அவள் காலைப் பின்னால் வைத்து இறங்கியபோது, துடைப்பத்தோடு ஓரமாக நின்றிருந்த ஆயா குரல் கொடுத்தார்.

"இன்னா டீச்சரே இது! புள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போட ஆரமிச்சிட்டு, பாதியில மனசு மாறுன மாரி கீது."

"நீ வந்து செஞ்சு காட்டு ஆயா."

"நானா? நான் குந்துனா அப்பால கிரேன் வெச்சித்தான் தூக்கணும்."

அதிகாரியும் சிரித்துவிட்டார். தாளாளர் சிரிக்கவில்லை. புறப்படும்போது அதிகாரி அக்காவிடம், "காட்டன் கட்டிக்குங்க. பட்டு வழுக்கும், கால்ல சிக்கும்" என்றார். அவருடைய கார் கேட்டைத் தாண்டியதும் தாளாளர் சொன்னார்: "எல்லாரும் பட்டு."

இளவரசி பதினொன்று நாற்பதுக்கு வந்தார். நீல நிற கவுன், தட்டையான காலணி. கூடவே கறுப்புக் கோட்டு அணிந்த ஒரு பாதுகாவலர். மைதானத்தின் இருபுறமும் நின்ற பிள்ளைகள் கைகளை உயர்த்தி விரல்களை ஆட்டினார்கள். அவர்களுடைய கைதட்டல் அதுதான். தாளாளர் கழுத்தோடு நிறுத்தவில்லை. இடுப்புவரை வளைந்தார். அமைச்சர்கள் வரும்போது வளைந்து பழகிய இடுப்பு.

அடுத்தது அக்கா. நான் ஆறடி தள்ளி நின்றிருந்தேன். வலது கால் பின்னால் போனது. முதுகு நிமிர்ந்திருந்தது. முழங்கால்கள் மடங்கின. காலையில் கண்ணாடிக்கு முன்னால் செய்ததைவிட நன்றாகவே செய்தாள். எழும்போதுதான் பார்த்தேன், பின்னால் வைத்த கால் புடவையின் கரைமேல் நின்றிருந்தது. பட்டு அவளைக் கீழே இழுத்தது. காலைப் பிடுங்கினாள். அது சரேலென முன்னால் வந்து இளவரசியின் காலணிமேல் இடித்தது.

அடுத்து நடந்ததை அவள் யோசித்துச் செய்திருக்க முடியாது. யோசிக்க நேரமில்லை. இளவரசியின் முன்கையை வலது கை விரல்களால் தொட்டு, அந்த விரல்களைத் தன் இரு கண்களிலும் ஒற்றிக்கொண்டாள். மின்ரயிலில் எதிரே உட்கார்ந்திருப்பவர்மேல் கால் பட்டால் நாம் எல்லோரும் செய்வது.

பாதுகாவலரின் கை இருவருக்கும் நடுவே வந்தது. பிள்ளைகளின் விரல்கள் ஆடாமல் மேலேயே நின்றன. தாளாளரின் முகத்தை நான் பார்க்கவில்லை. இளவரசிக்குக் கொடுக்க அவர் வைத்திருந்த மாலை மெல்லக் கீழே இறங்கியதைப் பார்த்தேன். இளவரசி அதிகாரியைத் திரும்பிப் பார்த்தார். அதிகாரி தாழ்ந்த குரலில் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. இளவரசி தன் காலணியைப் பார்த்தார், பிறகு அக்காவைப் பார்த்தார். பரவாயில்லை என்று சொல்லித் தலையசைத்துவிட்டு நகர்ந்தார்.

இரண்டாவதாக நின்ற ஆசிரியை அதற்குள் வலது காலைப் பின்னால் வைத்திருந்தார். அதை மெதுவாக முன்னால் கொண்டுவந்து சேர்த்து நின்று, கைகூப்பினார். இளவரசியும் கைகூப்பினார். மூன்றாமவரும் அப்படியே செய்தார்.

பன்னிரண்டு இருபத்தைந்துக்குக் கார்கள் போய்விட்டன. நான் நான்கு பத்திச் செய்தி எழுதினேன். கால் பட்டது அதில் இல்லை.

சாப்பாட்டு நேரத்தில் அக்கா டப்பாவைத் திறக்கவே இல்லை. ஆயா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "வுடு டீச்சரே. மெறிச்சிட்டு சொம்மா நின்னுகினு இருந்தாதான் தப்பு."

"சாருக்கு அது புரியணுமே ஆயா."

நாலு பத்துக்குத் தாளாளர் அக்காவைக் கூப்பிட்டார். அவளை வண்டியில் கூட்டிப்போகக் காத்திருந்த நான் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவு பாதி திறந்திருந்தது. மின்சாரம் இல்லாததால் யாரும் அதை மூடவில்லை.

"தொடக் கூடாதுன்னு எத்தனை தடவை சொன்னாங்க?"

"கால் பட்டுடுச்சு சார்."

"பட்டா என்ன? ஒரு ஸாரி சொல்றதுதானே?"

"நாமளா முதல்ல பேசக் கூடாதுன்னும் சொன்னாங்களே சார்."

பிறகு ஃபைல் கட்டின் நாடாவை அவிழ்க்கும் சத்தம். அவர் அக்காவின் பெயர் தட்டச்சான அந்த ஆணைத் தாளை உருவி மேசைமேல் வைத்தார். பேனாவின் மூடியைத் திறந்தார். அக்கா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது மின்சாரம் வந்தது. தலைக்குமேல் விசிறி முழு வேகத்தில் சுழலத் தொடங்கியது. தாள் கிளம்பி மேசையைத் தாண்டித் தரையில் விழுந்தது. அதைப் பிடிக்க எழுந்து வந்த தாளாளரின் செருப்பு அதன் ஓரத்தில் பட்டது. அவர் குனிந்து தாளை எடுத்தார், ஊதினார், இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டார்.

அக்கா அதைப் பார்த்தாள். வெளியே பெஞ்சில் இருந்து நானும் பார்த்தேன். நிமிர்ந்தவர் முதலில் அவளையும் பிறகு கதவு வழியாக என்னையும் பார்த்தார்.

"அப்புறம் பாக்கலாம்மா" என்றார். தாளை இழுப்பறையில் வைத்துச் சாவியைத் திருப்பினார்.

அந்த ஜூனில் நிரந்தரமானவர், வரிசையில் இரண்டாவதாக நின்று கைகூப்பிய ஆசிரியை.