சைடு ஸ்டாண்டுக்கு ஒரு மணை

எனக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாது. ஸ்கூட்டரும் தெரியாது. மும்பை செம்பூரிலிருந்து கோட்டைப் பக்கத்து ஆபீசுக்கு ஹார்பர் லைன் ரயிலில் நின்றுகொண்டே போய்வரத் தெரியும். ஆயுளில் பாதி அதிலேயே போய்விட்டது. ஆனாலும் போன மழைக்காலம் முழுக்க ஒரு மோட்டார் சைக்கிளுக்கு நான்தான் பொறுப்பு. ஓட்டுவதற்கு அல்ல. அது விழாமல் நிற்பதற்கு.

வண்டி என் மகளுடையது. காடு, மலை என்று மேடு பள்ளத்தில் ஓட்டுவதற்காகவே செய்த ரகம். பார்த்தால் எருமை உயரம், தூக்கினால் கன்றுக்குட்டிக் கனம். கனம் குறைய வேண்டும் என்பதற்காகச் செய்தவர்கள் எதையெல்லாம் மெலிய வைக்கலாமோ அதையெல்லாம் மெலிய வைத்திருந்தார்கள். சீட்டில் பஞ்சு பெயருக்குத்தான். நடு ஸ்டாண்டு கிடையவே கிடையாது. சைடு ஸ்டாண்டு ஒன்று மட்டும் இருந்தது. அது என் குடைக் கம்பிக்கு ஒன்றுவிட்ட அண்ணன். இந்த ரக வண்டி வைத்திருப்பவர்கள் காட்டில் அதை மரத்தில் சாய்த்துவிடுவார்களாம். எங்கள் காம்பவுண்டில் ஒரே ஒரு மரம்தான். அதை ஒட்டி எங்கள் குடியிருப்பு சொசைட்டி செகரட்டரியின் கார் நிற்கிறது.

இந்த வண்டியை அவள் வாங்கிக்கொண்டு வந்த அன்று நான் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னேன். "பொண்ணா லட்சணமா ஒரு ஸ்கூட்டர் வாங்கியிருக்கலாமே."

அவள் அம்மாவைக் கீழே கூட்டிப்போய் வண்டிக்குக் குங்குமம் வைக்கச் சொன்னாள், எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றினாள், போனாள். அன்றோடு என்னை நேராக அப்பா என்று கூப்பிடுவது நின்றுபோனது. எனக்குச் சொல்ல வேண்டியதெல்லாம் என் மனைவி வழியாக வந்தது. ஒரே மேஜையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருப்போம். "அப்பாவுக்கு இன்னொரு தோசை வேணுமான்னு கேளும்மா" என்பாள் மகள். மனைவி முகம் கோணாமல் என் பக்கம் திரும்பி, "வேணுமான்னு கேக்கறா" என்பாள். நானும் மனைவியைப் பார்த்தே, "போதும்னு சொல்லு" என்பேன். சட்னி மட்டும் எல்லோருக்கும் நேராகவே கை மாறியது.

நான் சொன்னதில் அப்படி என்ன தப்பு என்று ரயிலில் நின்றபடி பல நாள் யோசித்திருக்கிறேன். ஸ்கூட்டரில் நடு ஸ்டாண்டு இருக்கிறது என்பதுதான் இப்போதும் என் கட்சி. ஆனால் கட்சியில் ஜெயித்து என்ன செய்வது? வீட்டில் ஒரே ஒரு குழந்தை, அது பேசவில்லை என்றால் வீடு எதற்கு என்று இருந்தது.

பிறகு அவளுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. தங்கும் இடத்தில் வண்டி வைக்க வசதியில்லை. வேறு இடம் பார்த்ததும் ரயிலில் வரவழைத்துக்கொள்கிறேன் என்று அம்மாவிடம் சொன்னாள். கிளம்பும்போது எனக்குக் கேட்கும் தூரத்தில் நின்று அம்மாவுக்குப் பாடம் நடத்தினாள்.

"கியர்ல போட்டுத்தான் நிறுத்தணும். நியூட்ரல் கூடவே கூடாது. ஸ்டாண்டு போட்டிருக்கறச்சே யாரும் மேல ஒக்காரக் கூடாது. அந்த ஸ்டாண்டு வண்டியோட வெயிட்டுக்கு மட்டும்தான். ஆளும் ஏறினா வளைஞ்சுடும். அப்பாகிட்ட சொல்லிடு."

"கேட்டேளா?" என்றாள் மனைவி.

"கேட்டேன்" என்றேன்.

எங்கள் கட்டடத்தின் பழக்கம் இதற்கு நேர் எதிர். இடம் கொஞ்சம், வண்டி அதிகம். அதனால் எல்லோரும் ஹேண்டில் லாக் போடாமல், நியூட்ரலில் விட்டுவிட்டுப் போக வேண்டும். உள்ளே மாட்டிக்கொண்டவர் காலையில் வந்து, முன்னால் நிற்பதையெல்லாம் கையால் நகர்த்தி, தன் வண்டியை உருவிக்கொண்டு போவார். இது எங்கேயும் எழுதி வைக்கவில்லை. மும்பையில் எழுதி வைக்காததுதான் கண்டிப்பாக நடக்கும். லாக் போட்டவனை, கியரில் நிறுத்தியவனை, மனிதனாகவே மதிக்க மாட்டார்கள். ஆனால் சைடு ஸ்டாண்டில் நிற்கும் வண்டி நியூட்ரலில் இருந்தால், கொஞ்சம் முன்னால் தள்ளினாலே ஸ்டாண்டு தானாகப் பின்னால் மடங்கிக்கொள்ளும். அப்புறம் வண்டி தள்ளியவர் கையில்தான், கை இருந்தால்.

நான் கியரில் போட்டேன். என் காதில் விழும்படி செகரட்டரி இரண்டு தடவை தொண்டையைச் செருமினார். வாட்ச்மேன் வேறு ஒரு தலைவலி. உத்தரப் பிரதேசத்தில் இருக்கும் குடும்பத்தோடு போனில் பேசுவதற்கு அவருக்கு உயரமான இடம் வேண்டும். எங்கள் வண்டியின் சீட்டு அவருக்கு மிகவும் பிடித்துப்போனது. அதில் உட்காராதீர்கள் என்று ஹிந்தியில் சொன்னேன். "ஸ்டாண்ட் லகா ஹை, சாப்" என்றார். ஸ்டாண்டு போட்டுத்தானே இருக்கிறது என்கிறார். ஸ்டாண்டு போட்டிருப்பதுதான் ஆபத்து என்று நான் விளக்கியதை அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். சீட்டிலிருந்து இறங்காமல் கேட்டுக்கொண்டார்.

முதல் பெரிய மழை அன்று மாலை, மகள் அம்மாவைப் போனில் கூப்பிட்டாள். மனைவி அடுப்படியிலிருந்து, "வண்டி நிக்கறதா இல்லையான்னு எனக்கென்னடி தெரியும்? இந்தா, அவர்கிட்டயே கேளு" என்று ஈரக்கையோடு போனை என் காதில் ஒட்டிவிட்டுப் போய்விட்டாள்.

வைத்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். பிறகு, "நிக்கறதா?"

"நிக்கறது."

"கியர்லயா?"

"கியர்ல."

"சரி."

அவ்வளவுதான். வைத்துவிட்டாள். எனக்கு அன்று சாதம் ஒரு கரண்டி கூடுதலாக இறங்கியது.

மறுநாளும் கேட்டாள். அதற்கடுத்த நாள் நேராக என் போனுக்கே வந்தது. அப்பா என்று சொல்ல மாட்டாள், எடுத்ததும் "நிக்கறதா?" என்றுதான் ஆரம்பம். நான் காலையில் டிபன் பையோடு கிளம்பும்போது ஒரு தடவை, மாலை திரும்பும்போது ஒரு தடவை வண்டியைச் சுற்றி வந்து பார்ப்பேன். பார்த்ததைச் சொல்வேன். மழை எப்படி, ஸ்டாண்டின் பாதம் எங்கே ஊன்றியிருக்கிறது, வாட்ச்மேன் இன்று எதில் உட்கார்ந்தார் என்று பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது. ஆபீசில் மேனேஜர் கேட்கும் எந்தக் கேள்விக்கும் நான் இவ்வளவு கவனமாகப் பதில் சொன்னதில்லை. அந்தப் போனுக்காகத்தான் நான் நாள் முழுக்கக் காத்திருந்தேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

மழை வலுத்ததும் காம்பவுண்டுத் தரையில் பதித்திருந்த கல்லுக்கடியில் மண் கரைந்துவிட்டது. ஸ்டாண்டின் பாதம் சின்னது, நாணயம் மாதிரி. அது மெல்ல உள்ளே இறங்க, வண்டி நாளுக்கு நாள் இடது பக்கம் சாய்ந்துகொண்டே போனது. சொன்னேன். "அடியில ஃப்ளாட்டா ஏதாவது வை" என்றாள்.

வீடு முழுக்கத் தேடினேன். கட்டிலுக்கடியில் மணைகள் இருந்தன. நாங்கள் மேஜையில் சாப்பிட ஆரம்பித்த பிறகு அவை சிரார்த்தத்துக்கும் ஆவணி அவிட்டத்துக்கும் மட்டும்தான் வெளியே வரும். அதில் எல்லாவற்றிலும் சின்னது, மாதுங்காவில் வாங்கியது, மூலையில் பித்தளைப் பூ பதித்தது, என் மகளுடையது. அதில் உட்கார வைத்துத்தான் அவளுக்குச் சாதம் ஊட்டினோம். அதை எடுத்துக்கொண்டு கீழே போனேன். வாட்ச்மேன் வண்டியைப் பிடித்துக்கொள்ள, ஸ்டாண்டுக்கடியில் மணையைப் போட்டேன்.

மணைக்குக் கீழே இரண்டு கட்டைகள் உண்டு என்பதை நான் யோசிக்கவில்லை. ஃப்ளாட் என்றால் ஒரு ஓடு, ஒரு தகரம். இது நாலு விரற்கடை உயரம். வண்டி சாய்வதை நிறுத்திவிட்டு நேராக, அட்டென்ஷனில் நின்றது. எனக்குப் பெருமையாகவே இருந்தது. இரண்டாவது மாடி அம்மாள் துணி உலர்த்தியபடி எட்டிப் பார்த்து, "இன்னிக்கு வண்டிக்கு என்ன விசேஷம், மாமா?" என்று கேட்டாள். மகளிடம், "ஜம்முனு நிக்கறது" என்றேன்.

மறுநாள் காலை, உள்ளே மாட்டிக்கொண்ட ஒருவர் வழக்கம்போல எங்கள் வண்டியை நகர்த்தக் கை வைத்தார். நியூட்ரலுக்குப் பழகிய கை. கியரில் இருந்ததால் நகரவில்லை. கொஞ்சம் பலமாகத் தள்ளினார். ஏற்கெனவே நிமிர்ந்து நின்ற வண்டி வலது பக்கம் போவதற்கு அதிகம் யோசிக்கவில்லை. நான் டிபன் பையோடு ஓடிப்போய்ப் பிடித்தேன். பிடித்தேன் என்பதை விட, அதனோடு சேர்ந்து விழுந்தேன் என்பது சரி. பிறகு வாட்ச்மேனும் நானும் உற்சாகமாகத் தூக்கினோம். உற்சாகம் அதிகமாகிவிட்டது. வண்டி நேராக வந்து, அங்கே நிற்காமல் இடது பக்கம் சரிந்து, என்னையும் மேலே வைத்துக்கொண்டு ஸ்டாண்டில் போய் இறங்கியது. அந்த ஸ்டாண்டு வண்டியின் கனத்துக்கு மட்டும்தான் என்று அவள் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. அடிப்பாகத்தில் அப்படியே வளைந்துவிட்டது.

துணி உலர்த்தும் நைலான் கயிற்றால் வண்டியைத் தண்ணீர்க் குழாயோடு கட்டிவிட்டு ஆபீஸ் போனேன். மாலையில் போன் வந்தது.

"நிக்கறதா?"

"விழுந்துடுத்து."

நடந்ததைச் சொன்னேன். மணை என்றதும், "எந்த மணை?" என்றாள். "ஒன்னோடதுதான்" என்றேன். சிரிக்கிறாளா, கோபப்படுகிறாளா என்று தெரியவில்லை. பிறகு, "ஒனக்கு அடி பட்டுதா?" என்றாள்.

"முழங்கைதான். தோல் வழண்டிருக்கு."

"ஆயின்ட்மென்ட் போட்டியா?"

போட்டேன் என்றேன். அதற்கப்புறம்தான் வண்டிக்கு என்ன ஆச்சு என்று கேட்டாள். இந்த வரிசையை நான் கவனித்து வைத்துக்கொண்டேன்.

அந்த வாரம் பேச்சு இன்னும் நீண்டது. போட்டோ அனுப்பச் சொன்னாள், நான் என் கட்டைவிரலைப் படம் எடுத்து அனுப்பினேன், திரும்ப எடுத்தேன். கடைசியில் அவளே வழி சொன்னாள். "தாராவில வெல்டிங் கடை நிறைய இருக்கு. தடியா பைப் வெச்சு, அடியில அகலமா ப்ளேட் போட்டு பக்காவா பண்ணிடச் சொல்லு. அப்புறம் வாட்ச்மேன் ஒக்காந்தாலும் பர்வா நஹி. ஒனக்கும் டென்ஷன் இல்ல, நானும் டெய்லி ஃபோன் பண்ணிக் கேக்க வேண்டாம்."

"சரி" என்றேன். வைத்த பிறகு அந்தக் கடைசி வரி மட்டும் காதிலேயே நின்றது.

ஞாயிற்றுக்கிழமை வாட்ச்மேனும் நானுமாக ஸ்டாண்டைக் கழற்றினோம். துணிப்பையில் போட்டு சயான் வரை பஸ்ஸில் போனேன். பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த முனையைப் பார்த்துப் பக்கத்து சீட்டுக்காரர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். அங்கிருந்து நடந்து தாராவிக்குள் போனால் முதல் வெல்டிங் கடையே தமிழ்க் கடை. திருநெல்வேலிக்காரர், என் வயதுதான் இருக்கும். ஸ்டாண்டைக் கையில் வாங்கி மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன சார் இது, ஈர்க்குச்சி கணக்கா இருக்கு? இதத் தூரப் போடுங்க. நல்ல கனத்த பைப்பு கெடக்கு. வெட்டி, ப்ளேட்டு வச்சு அடிச்சுத் தாரேன். குடும்பத்தோட ஏறி உக்காந்தாலும் அசையாது."

பைப்பைக் கூட எடுத்துவிட்டார். உண்மையிலேயே கனமான பைப். இதை மாட்டினால் வண்டி நிற்கும். நாளைக்கும் நிற்கும், அடுத்த மழைக்கும் நிற்கும். யாரும் கேட்க வேண்டியிருக்காது.

"அண்ணாச்சி, இதையே நிமித்தித் தர முடியுமா?"

"நிமுத்தலாம். மறுபடி வளையும்லா?"

"எத்தனை நாள் தாங்கும்?"

"அதச் சொல்ல முடியாது சார். தெனமும் ஒரு கண்ணு வச்சிக்கிடணும்."

"அது போதும்."

அவர் பைப்பைக் கீழே வைக்காமல் என்னைப் பார்த்தார். "பலமாக்கணும்னுதான் சார் எல்லாரும் வாராங்க."

"நான் நிமித்தத்தான் வந்தேன்."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. வேலையை மட்டமாகச் செய்யச் சொன்னால் யாருக்கும் வரும். சூடு காட்டி, அடித்து நிமிர்த்தி, தண்ணீரில் முக்கி என் கையில் கொடுத்தார். "நாளைக்கு ஒடஞ்சா எம்மேல சொல்லப்பிடாது."

"சொல்ல மாட்டேன்" என்றேன்.

வீட்டில் மனைவி அதைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்தாள். "தடியா பண்ணிண்டு வரப்போறதா சொன்னேளே?"

"பைப் இல்லையாம்."

"தாராவில பைப் இல்லையா?"

"இல்லையாம்."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் காபி போடப் போனாள். நான் கீழே போய் ஸ்டாண்டை மாட்டி, அடியில் ஒரு தகரத்தை வைத்து, கயிற்றை அவிழ்த்தேன். மணையைத் துடைத்துக் கட்டிலுக்கடியில் வைத்தேன்.

மாலை போன் வந்தது.

"பக்காவா பண்ணிட்டாரா?"

"நிமித்தியிருக்கார். பலம்னு சொல்ல முடியாது. தெனமும் ஒரு கண்ணு வெச்சுக்கணும்னார்."

"அப்போ நான் டெய்லி கேக்கணுமா?"

"கேட்டா நல்லது" என்றேன்.

பெங்களூரில் ஏதோ ஆட்டோ ஹார்ன் அடித்தது.

"சரிப்பா" என்றாள்.

அவள் வைத்த பிறகும் நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. மனைவி காபி டம்ளரை என் முன்னால் வைத்துவிட்டு, "நிக்கறதா?" என்று கேட்டாள்.

"நிக்கறது" என்றேன்.