சவேரியம்மாள் பெயரில் நடுத்தெருவில் தொட்டியா?

சந்தையன்று பள்ளிக்கூடம் விட்டுத் திரும்பும்போது மார்க்கையன்கோட்டை வண்டிக்காரர் ஒருவர் என்னை வழியில் நிறுத்தினார். "வாத்தியாரய்யா, வைக்கோல்கடை சவேரியம்மா போயிட்டாக. கடைத்தெரு நெரிசல்ல ரெண்டு வண்டி மாட்டிக்கிருச்சு. வெலக்கிவிடப் போனவுக நெஞ்சுல நுகத்தடி இடிச்சிருச்சு" என்றார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இன்றுவரை அது அடங்கவில்லை.

அவரை அறிந்தவர்கள் நீங்கள். மலையில் அணை வேலை தொடங்கிய பிறகு நம் கடைத்தெரு பட்ட பாடும் உங்களுக்குத் தெரியும். சுண்ணாம்பும் அரிசியும் ஏற்றிக்கொண்டு கம்பத்துக்குப் போகும் வண்டிகளெல்லாம் இங்கேதான் மாட்டை அவிழ்த்தன. போதாக்குறைக்குக் கடைக்காரர்கள் ஆளுக்கு ஆள் பந்தலைத் தெருவுக்குள் இழுத்துவிட்டிருந்தார்கள். பிரசவ வேதனையில் துடித்த ஒரு பெண்ணைக் கட்டிலோடு தூக்கி வந்தவர்கள், வழி கிடைக்காமல் வெயிலில் நின்றதை நானே பார்த்தேன். சவேரியம்மாளும் பார்த்தார்.

அந்த வாரமே, நன்றாக ஓடிக்கொண்டிருந்த தன் கடையை ஊருக்கு வெளியே புளியந்தோப்புக்கு மாற்றினார். மாடுகளுக்குத் தண்ணீர்த்தொட்டியும் கட்டினார். "ஏலே, நடுத்தெருவுல நிப்பாட்டுறவனுக்கு எங்கிட்ட ஒண்ணும் கெடையாது. இங்கன வந்து அவுத்துவிடு, தண்ணி சும்மா" என்பார். அனுமந்தன்பட்டியில் பிறந்தவர், பேச்சில் தயவு தாட்சண்யம் கிடையாது. வண்டிகள் தோப்புக்குப் போயின. தெருவில் கைவீசி நடக்க முடிந்தது.

பொறுக்குமா நம் பெரிய மனிதர்களுக்கு? வண்டிக்காரர்கள் தங்கள் கடை வாசலில் நிற்பதில்லை என்று குமுறினார்கள். தோப்பு புறம்போக்கு என்று மனுக் கொடுத்தார்கள். முகாமுக்கு வந்திருந்த அதிகாரியைப் பார்க்கச் சவேரியம்மாளோடு நானும் போனேன். "தோப்புல நான் கடை போட்டது குத்தம்னா, தெருவுக்குள்ள பந்தல் போட்டவுகளுக்கு அது என்ன பாட்டன் சொத்தாய்யா?" என்று கேட்டார். அதிகாரி சிரித்ததோடு சரி. மறுநாள் தொட்டியை இடித்து, கடையையும் தோப்பிலிருந்து கிளப்பினார்கள்.

வைக்கோல் பழையபடி கடைத்தெருவுக்கு வந்தது, பின்னாலேயே வண்டிகளும் வந்தன. அன்றிலிருந்து அவர் வியாபாரத்தைப் பாதியில் விட்டுவிட்டு, சிக்கிக்கொண்ட வண்டிகளை விலக்கிவிட ஓடுவார். அப்படி ஓடியதில்தான் உயிர் போனது. விபத்து என்கிறார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன்.

நேற்று அதே பெரிய மனிதர்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். சவேரியம்மாள் பெயரில் கல்தொட்டி கட்டப்போகிறார்களாம். எங்கே என்று கேட்டேன்.

"கடைத்தெரு நடுவுலதான் வாத்தியாரே. அங்கனதான வண்டியெல்லாம் நிக்கும்?"

கொஞ்சமும் நாக்கூசவில்லை. அந்த அம்மாள் செத்த இடத்திலேயே, அவர் பெயரைச் சொல்லியே வண்டிகளை மறித்து வியாபாரம் பார்ப்பார்களாம். இவர்களுக்கு மனசாட்சி என்று ஒன்று உண்டா?

அவர் எனக்கு விட்டுப்போனது ஒரு சொல்தான். நன்கொடைக்குக் கைநீட்டியவர்களிடம் அதையே சொன்னேன்: "நடுத்தெருவுல நிப்பாட்டுறவுகளுக்கு எங்கிட்ட ஒண்ணும் கெடையாது. தோப்புல தொட்டிய இடிச்ச எடத்துல கட்டுங்க, நானே கல்லுச் சுமந்துட்டு வாரேன்."