ஒற்றைக் கையால் சுடச் சொன்னார்

மூன்று வருஷத்துக்கு முந்தி, ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை. வரக்காப்பொலவுக்கு அப்பால், கல் உடைப்பதை எப்போதோ நிறுத்திவிட்ட ஒரு பழைய குவாரி. அன்றைக்கு அங்கே இருந்தது ஆறு பேர். எங்களுக்குச் சுடப் பழக்கிய, ஆர்மியிலிருந்து ஓய்வு பெற்ற சார்ஜன்ட். செக்கியூரிட்டி கொம்பனியின் அலுவலர் ஒருவர். எங்களைப் போலவே வேலைக்கு வந்த இரண்டு சிங்களப் பையன்கள். நான். என் அக்காவின் கணவர்.

வராதவர்கள் இரண்டு பேர். மருந்துப் பெட்டியோடு வர வேண்டிய ஆள் வரவில்லை. தமிழ் தெரிந்த ஒருவரை அனுப்புவதாகக் கொம்பனி சொல்லியிருந்தது, அவரும் வரவில்லை. அலுவலர் என் விண்ணப்பத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏ.எல். பாஸ் பண்ணியிருக்கிறாய், இரண்டு பாஷையும் தெரியும் என்று எழுதியிருக்கிறாய், உன் மச்சானுக்கு நீயே தமிழில் சொல்லிக்கொடு" என்றார் சிங்களத்தில். எனக்குப் பெருமையாக இருந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாகப் படித்து முடித்த முதல் ஆள் நான்தான்.

எங்கள் தோட்டத்தில் ரப்பர். மழை பெய்தால் மரம் நனைந்துவிடும், பால் வெட்ட முடியாது, பேர் விழாது. பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். அந்த மாதம் மச்சானுக்கு ஒன்பது பேர்தான் விழுந்திருந்தது. வீட்டில் இரண்டு பிள்ளைகள். பத்திரிகையில் வேலை விளம்பரத்தைப் பார்த்தது நான். இரண்டு பேருக்கும் படிவம் நிரப்பியது நான். கடை கடையாகப் போய்க் காசு சேர்த்து வங்கியில் ஒப்படைக்கிற வேனில் காவல் வேலை. மழை பெய்தாலும் மாதச் சம்பளம். துப்பாக்கி என்று அக்காவிடம் சொல்லவில்லை. கேட் திறந்து மூடுகிற வேலை என்று சொல்லி வைத்திருந்தோம்.

மச்சான் மஸ்கெலியா பக்கத்திலிருந்து கல்யாணம் முடித்து எங்கள் தோட்டத்துக்கு வந்தவர். இங்கே வந்துதான் பால் வெட்டப் பழகினார். பதினொரு வருஷத்தில் கங்காணியே கூப்பிட்டுப் புது ஆட்களுக்குக் காட்டுகிற அளவுக்கு அவர் கை வந்துவிட்டது. மரத்தில் பட்டையை மட்டும் சீவும், உள்ளே காயம் படாது. சிங்களம் கடைக்கும் பஸ்ஸுக்கும் போதுமான அளவு பேசுவார். சார்ஜன்ட் படபடவென்று பேசுவது அவருக்குப் பாதிதான் விளங்கும்.

சோதனை இப்படி. ஆளுக்குப் பத்து ரவை. காசுப் பை இடது கையில் இருக்கும்போது ஏதாவது நடந்தால் ஒரு கையால்தான் சுட வேண்டும், அதனால் முதல் ஐந்து ஒற்றைக் கையால். பையைப் போட நேரம் கிடைத்தால் இரண்டு கையாலும் சுடலாம், அதனால் அடுத்த ஐந்து இரண்டு கையால். பத்தில் குறைந்தது ஐந்து, குறிப் பலகையில் பட வேண்டும்.

சொல்லக் கேட்டால் லேசாக இருக்கும். ஒற்றைக் கையில் பிஸ்டலின் பாரம் முழுக்க மணிக்கட்டில் வந்து நிற்கும். வெடித்ததும் முனை மேலே எகிறும், திரும்பவும் அதை இறக்கிக் குறி பார்ப்பதற்குள் கை நடுங்கத் தொடங்கும். இரண்டு கை என்றால் வலது கை முன்னுக்குத் தள்ளும், இடது கை பின்னுக்கு இழுக்கும், நடுவில் துப்பாக்கி கட்டிப்போட்ட மாதிரி நிற்கும்.

நான் ஏழு போட்டு பாஸாகிவிட்டேன். சிங்களப் பையன்களில் ஒருவனும் முடித்துவிட்டான். மச்சானின் முறை வந்தபோது அவர்கள் இரண்டு பேரும் கேலியைத் தொடங்கினார்கள். "கிரி கபன அய்யா" என்று பெயர் வைத்துவிட்டார்கள், பால் வெட்டுகிற அண்ணன் என்று. "பார்த்து அய்யா, பலகையில் பால் வந்துவிடும்!"

"வந்தா சிரட்டையோட ஓடியாந்து புடிங்கடா" என்றார் மச்சான் தமிழில். அவர்களுக்கு விளங்கவில்லை, ஆனாலும் சிரித்தார்கள். அன்றைக்கு நாங்கள் சிரித்தது அதுதான் கடைசி.

ஒற்றைக் கையில் மச்சானுக்கு ஒன்றுதான் பட்டது. மற்ற நாலு ரவையும் எங்கேயோ போயிற்று. பால் வெட்டுகிறவர்களுக்கு இடது கை சும்மா இருந்து பழக்கம் இல்லை. வலது கை கத்தியை இழுக்கும்போது இடது கை முன்னால் போய், கத்தியின் தலைக்குப் பக்கத்தில் பிடித்து, வழி காட்டிக்கொண்டே போகும். அந்தக் கையைத் தொடையோடு ஒட்டி வைக்கச் சொன்னால் உடம்பே கோணிக்கொண்டது.

மீதி ஐந்தில் நாலு பட வேண்டும். அந்த நேரம் பார்த்து பிஸ்டல் இறுகிவிட்டது. சார்ஜன்ட் தட்டிப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார், சரிவரவில்லை. வேனிலிருந்து பழைய ரிவோல்வர் ஒன்றை எடுத்து வந்தார். நடுவில் உருளை சுற்றுகிற வகை.

மச்சான் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு கோட்டில் நின்றார். சார்ஜன்ட் என்னைப் பின்னால் கூப்பிட்டு, உருளைக்கும் குழாய்க்கும் நடுவே இருக்கிற சின்ன இடைவெளியைக் காட்டினார். வெடிக்கும்போது இதற்குள்ளேயிருந்து நெருப்பும் ஈயத் தூளும் பக்கத்துக்கு அடிக்கும் என்றார். இடது கை முன்னால் வரவே கூடாது. அந்த ஆளின் கை முன்னுக்குப் போகிற கை, காலையில் பழகும்போதே பார்த்தேன், பிஸ்டலில் அது பரவாயில்லை, இதில் ஆபத்து. அதனால் மீதி ஐந்தையும் ஒற்றைக் கையாலேயே சுடச் சொல்லு. இதுதான் அவர் சொன்னது. எல்லாம் எனக்குத் தெளிவாக விளங்கியது.

கோட்டுக்கு நடந்து போக இருபது அடி இருக்கும். அந்த இருபது அடிக்குள் நான் கணக்குப் போட்டேன். ஒற்றைக் கை என்றால் மச்சான் பெயில். இரண்டு கை என்றால் பாஸ். கிழவர் அளவுக்கு மீறிப் பயப்படுகிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மச்சானின் ஒரு காதுப் பஞ்சை எடுத்துவிட்டு, "ரெண்டு கையாலயும் நல்லா இறுக்கிப் புடிச்சு அடிங்க மச்சான்" என்றேன்.

"இது வேற மாதிரி இருக்கே மாப்ள?"

"எல்லாம் ஒன்னுதான்" என்று பஞ்சைத் திரும்ப அடைத்துவிட்டேன்.

சார்ஜன்ட் ரவைகளைப் போட்டுக் கொடுத்துவிட்டு வலது பக்கம் போய் நின்றார். பலகையைப் பார்த்துக்கொண்டிருந்த அவருக்கு இடது கை தெரியவில்லை. பின்னால் இடது பக்கமாக நின்ற எனக்குத் தெரிந்தது. மச்சானின் இடது கை கத்தி பிடிக்கிற பழக்கத்தில் முன்னுக்குப் போயிற்று. பெருவிரல் சரியாக அந்த இடைவெளியில் போய் உட்கார்ந்தது. கத்த வாயைத் திறந்தேன், முதல் வெடி கேட்டது. கத்தினேன். காதில் பஞ்சு. மச்சானின் தோள் குலுங்கியது, பல்லைக் கடித்துக்கொண்டார், கையை எடுக்கவில்லை. ஐந்தையும் சுட்டு முடித்தார்.

திரும்பியபோது முழங்கை வரைக்கும் ரத்தம். "கட்டெறும்பு கடிச்ச மாதிரி இருந்துச்சு மாப்ள, இந்தத் துப்பாக்கி இப்படித்தான் போலன்னு நெனச்சேன்" என்றார். பிறகு பலகையைப் பார்த்தார். "எத்தனை பட்டுச்சு?"

நாலு பட்டிருந்தது.

சார்ஜன்ட் ஓடி வந்து அந்தக் கையைப் பார்த்தார். அடுத்து என்னைப் பார்த்தார். "நான் சொன்னதை அவரிடம் சொன்னாய்தானே?"

"சொன்னேன் சார்" என்றேன்.

மருந்துப் பெட்டி இல்லை. போத்தல் தண்ணீரில் கழுவி, சட்டைப் பையிலிருந்த என் கைலேஞ்சியால் கட்டினோம். அதற்குள் வேன் வேறு வேலையாகப் போய்விட்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரப் பின்னேரமாகிவிட்டது. தையல் போட்டு வார்டில் படுக்க வைத்தார்கள். விரலுக்குள்ளே ஈயத் துணுக்குகள் தங்கியிருந்தன. ஆறாம் நாள் விரல் நுனி கறுத்தது. ஒன்பதாம் நாள் பெருவிரலை அடிக்கணுவோடு எடுத்தார்கள்.

அதற்கு நடுவே ஒரு நாள் கொம்பனி அலுவலர் வார்டுக்கு ஒரு கடிதம் கொண்டு வந்தார். பயிற்றுநர் கொடுத்த பாதுகாப்பு அறிவுறுத்தலைக் கேட்காததால் இந்தக் காயம் ஏற்பட்டது, கொம்பனியிடம் எதுவும் கோரமாட்டேன் என்று சிங்களத்தில் இருந்தது. அந்தக் கடிதத்தை மட்டும் ஒரு சொல் விடாமல் மச்சானுக்குத் தமிழில் சொன்னேன்.

"அவரு எப்ப மாப்ள சொன்னாரு?"

"சொன்னாரு மச்சான். நீங்க காதுல பஞ்சு வச்சிருந்தீங்க."

அவருக்குக் கையெழுத்துப் போட வராது. இடது பெருவிரலைத்தான் மையில் ஒற்றுவார்கள். அது கட்டுக்குள் இருந்ததால் வலது விரலை ஒற்றி எடுத்தார்கள். சாட்சி என்று கீழே நான் கையெழுத்துப் போட்டேன். மாதக் கடைசியில் இன்னொரு கடிதம் வந்தது. விரல் இல்லாத ஆளை வேலைக்கு எடுக்க முடியாது என்று. நானும் அந்த வேலைக்குப் போகவில்லை.

காயம் ஆறியதும் மச்சான் மறுபடி மலைக்குப் பால் வெட்டப் போனார். இடது கையில் கத்தி நிற்கவில்லை. பட்டையைத் தாண்டி மரத்தில் காயம் விழுந்தது. முதல் நாள் கங்காணி எதுவும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் அரைப் பேர்தான் போட்டார். ஒரு வாரம் கழிந்து மச்சான் வெட்டுகிற மரங்களுக்கு நான் போனேன். காயப்பட்ட மரத்துக்கு முன்னால் குந்தியிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். சார்ஜன்ட் சொன்னது, நான் அதைச் சொல்லாமல் விட்டது, பொய் சொன்னது, கையெழுத்துப் போட்டது.

கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். திட்டவில்லை.

"ஒத்தக் கையில சுட்டிருந்தா பெயில்தானே?"

"ஆமா மச்சான்."

"பெயிலாயிருந்தா திங்கக்கெழம இங்க வந்திருப்பேன். அவ்வளவுதானே?" மரத்தின் காயத்தை விரலால் தடவினார். "சொல்லிப்புட்டு விட்டிருக்கணும். சுடுறதா வேணாமான்னு நான்ல பாத்திருக்கணும். என் கைதானே அது?"

கத்தியை எடுத்துக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போனார்.

அதன் பிறகு கொம்பனிக்குப் போய், மச்சான் மேல் பிழை இல்லை, நான்தான் சொல்லவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். விஷயம் முடிந்துவிட்டது, கையெழுத்து இருக்கிறது என்றார்கள். நடந்தது தெரிந்த அன்றைக்கு அக்கா எனக்குச் சோறு போட்டாள், ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை. இப்போது அக்காதான் பால் வெட்டப் போகிறாள். மச்சான் புல் வெட்டுகிறார். என்னை அவர் மாப்ள என்று கூப்பிடுவதில்லை. "வாங்க தம்பி, உக்காருங்க" என்கிறார். வெளி ஆட்களிடம் பேசுகிற மரியாதை அது.

இன்றைக்கு நான் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். யாராவது ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து வாசித்துக் காட்டச் சொன்னால், நல்லதோ கெட்டதோ, இருக்கிறதை அப்படியே வாசித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறேன். இன்னொருவருக்கு எது நல்லது என்று அவருக்குச் சொல்லாமலே முடிவு செய்கிற உரிமையைப் படிப்பு எனக்குத் தரவில்லை. அதை நான் தெரிந்துகொள்ள எங்கள் வீடு கொடுத்தது இடது கைப் பெருவிரல் ஒன்று, பதினொரு வருஷம் பழகிய தொழில் ஒன்று. கொம்பனியிடமிருந்து திரும்பி வந்தது ஒரு சதமும் இல்லை.